பொட்டுப்பூவின் விலாசம்

ஒரு ஊரில் ஒரு பென்சில் இருந்தது. பென்சில் இல்லாத ஊர் எது என்று கேட்டு என்னை மடக்கப் பார்க்காதீர்கள். ஊருக்குள் ஆயிரம் பென்சில் இருந்திருக்கும். தன்னைப் போல நல்ல பிள்ளை உலகத்திலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்.

அது பூங்கோதையின் பென்சில். பூங்கோதை கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருந்தாள். வாரம் பூராவும் இருமல் மருந்தும் காய்ச்சல் மாத்திரையும் எடுத்துக் கொடுத்துச் சலித்துப்போனவள், ஞாயிறு விடிந்தால் தோள்பையை மாட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கிற ஓணாங்கரட்டுக்குக் கிளம்பிவிடுவாள். கரடு என்றால் பெரிய மலையெல்லாம் இல்லை. பாறையும் முள்ளுமாக ஒரு சின்னக் குன்று, அவ்வளவுதான். பைக்குள் பென்சில், ரப்பர், ஷார்ப்னர், வரைகிற தாள். கூடவே தம்பி சேந்தன் வருவான். அவன் கழுத்தில் ஒரு கேமரா தொங்கும்.

அப்போது மாசி முடியப் போகிற சமயம். காலைப்பனி இன்னும் விடவில்லை. வெயிலுக்குக் கோபம் வர இன்னும் நாள் இருந்தது. புங்கமரமெல்லாம் பளபளவென்று தளிர் விட்டு நின்றது. அந்த நாட்களில் கரட்டில் நடந்தால் யாருக்கும் மனசு லேசாகிவிடும். பூங்கோதைக்கும் ஆகிவிட்டது. எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே போனவள், தவளைப் பாறைக்குப் பின்னால் போய்ச் சட்டென்று நின்றாள்.

"டேய் சேந்தா, இங்க வாயேன்! காலைப் பார்த்து வைடா, மிதிச்சிடாதே!"

வாய் பிளந்த தவளை மாதிரி ஒரு பாறை. அதன் தலைக்கு மேலே ஒற்றைக் குடைவேல மரம். பாறையின் மறைவில், உள்ளங்கை அகல மண்ணில், நீலமாக ஒரு கூட்டம் பூ. ஒவ்வொன்றும் நெற்றிப் பொட்டு அளவுதான் இருக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் அதைப் பொட்டுப்பூ என்பார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்ததே இல்லை, பிறகு எங்கே பேர் வைக்கப் போகிறார்கள்?

சேந்தன் மண்ணில் குப்புறப் படுத்தான். கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான். பூவைச் சுற்றி நின்ற புல்லை நாலைந்து பிடியாகப் பிடுங்கிப் போட்டான். தண்ணீர் பாட்டிலை எடுத்து, பனித்துளி மாதிரி தெரியட்டும் என்று விரலால் தெளித்தான். பிறகு கிளிக், கிளிக்.

பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பென்சிலுக்கு வயிறு எரிந்தது.

"ஏய் கேமரா, உனக்கு ஈவு இரக்கம் இருக்கா? அந்தப் புல்லு உன்னை என்ன பண்ணுச்சு?"

"மறைச்சுதே" என்றது கேமரா. அதற்குக் கோபமே வராது. "எனக்குப் பூ மட்டும் போதும். பின்னாடி இருக்கிறதையெல்லாம் புகை மாதிரி மங்கலாக்கிடுவேன். பாறையா, மரமா, குப்பையா, எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"தூ! நீயெல்லாம் ஒரு கண்ணு."

பூ இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. "சண்டை போடாதீங்க" என்றது. "புல்லு போனா போகட்டும், சமாளிச்சுக்குவேன். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். சித்திரை வெயில் வந்தா நாங்க கருகிடுவோம், அது தெரிஞ்சதுதான். அதுக்குள்ள காய் பிடிச்சு, விதை முத்தி, இந்தப் பாறைச் சந்துல உதிர்ந்துடணும். மத்த பக்கமெல்லாம் ஆடு மேய்ஞ்சிடுச்சு. இந்தக் கரட்டுல நாங்க மிஞ்சியிருக்கிறது இந்தத் தவளைக்குப் பின்னாடி மட்டும்தான். யாருக்கும் தெரியாததாலதான் மிஞ்சியிருக்கோம்."

பூங்கோதை பாறை நிழலில் உட்கார்ந்து பென்சிலைக் கையில் எடுத்தாள். பூவுக்கு என்ன தோன்றியதோ, தாழ்ந்த குரலில் சொன்னது:

"தம்பி பென்சில், ஒரு உதவி செய்வியா? வரையுறதுன்னா என்னை மட்டும் வரைஞ்சுட்டுப் போயிடேன்."

பென்சில் சிரித்துவிட்டது. "நான் என்ன கேமராவா, உன்னைத் தனியாப் பிய்ச்சு எடுக்க? கவலைப்படாதே. உன்னை உன் வீட்டோட சேர்த்துத்தான் வரைவேன். அதுதான் உனக்கு மரியாதை."

அது சும்மா சொல்லவில்லை, மனசாரச் சொன்னது. பூங்கோதையின் விரல்களுக்கும் அதே ஆசைதான். தவளைப் பாறையின் பிளந்த வாயை, வாய்க்குள் ஓடிய வெடிப்பை, ஒரு பக்கமாகச் சாய்ந்த குடைவேலத்தை, தூரத்தில் தெரிந்த செங்கல் சூளையின் புகைபோக்கியை, சூளையிலிருந்து வளைந்து வந்த ஒற்றையடிப் பாதையை, எல்லாவற்றையும் பென்சில் ஒன்று விடாமல் வரைந்தது. நடுவில் பூக்களை வரைந்தபோது அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பையின் மூலையில் கிடந்த ரப்பர் கொட்டாவி விட்டபடி கேட்டது. "அந்தப் பாதையை மட்டும் நான் அழிச்சிடட்டுமா?"

"உனக்கு அழிக்கிறதைத் தவிர வேறே என்ன தெரியும்? பேசாம படு."

ரப்பர் படுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலமே அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு படத்தை அவர்களுடைய நடைக்குழுவுக்குப் போனில் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை நடக்கிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த குழு அது. 'இளவேனில் வந்தாச்சு' என்று பூங்கோதை ஒரு வரியும் போட்டாள். எந்த இடம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. சேந்தன் அதில் ரொம்பக் கறார்.

மேஜை மேல் கிடந்த பென்சிலுக்கும் கேட்கிற மாதிரி பூங்கோதை பதில்களை வாசித்துக் காட்டினாள். "சேந்தா, உன் போட்டோவுக்கு எல்லாரும் எந்த ஊர்னு கேக்குறாங்கடா. ஒருத்தர் காஷ்மீரான்னு கேக்குறாரு!"

"கேக்கட்டும்க்கா. கண்டுபிடிக்கவே முடியாது."

"என் படத்துக்கு... அட, இதைப் பாரேன்! 'அச்சு அசல் நம்ம ஓணாங்கரடு. சூளைக்குப் பின்னாடி போற பாதை. அந்தத் தவளைப் பாறையை எனக்குத் தெரியாதா? அடுத்த ஞாயிறு எல்லாரும் கிளம்புவோம்' அப்படின்னு முத்துவேலப்பா சார் போட்டிருக்காருடா." அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. யாருக்குத்தான் இருக்காது, பாறையைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுபிடிக்கிற அளவுக்கு வரைந்திருக்கிறாளே!

பென்சிலுக்கும் பெருமைதான். எதற்கு மறைக்க வேண்டும்? அன்றைக்கு ராத்திரி அது நிம்மதியாகத் தூங்கியது.

அடுத்த ஞாயிறு சூளைக்குப் பக்கத்தில் கார்கள் வரிசையாக நின்றன. பைக்குகளுக்குக் கணக்கே இல்லை. நடைக்குழு மட்டுமா வந்தது? குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய், அங்கேயிருந்து எங்கெங்கோ போயிருந்தது படம். கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி மேக்கப்போடு வந்திருந்தது. எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். குப்பை போடக்கூடாது என்று ஒருத்தரையொருத்தர் கண்டித்துக்கொண்டார்கள். ஒரு பூவைக்கூட யாரும் பறிக்கவில்லை.

ஆனால் பொட்டு அளவு பூவைப் படம் எடுக்கப் படுக்க வேண்டுமே! உடுப்பு மண்ணாகாமல் இருக்க யாரோ ஒரு ஜமுக்காளம் கொண்டுவந்திருந்தார்கள். அதைப் பாறைக்குப் பின்னால் விரித்தார்கள். விளிம்பில் தெரிந்த நாலு பூவுக்கு எதிரே ஒருத்தர் மாற்றி ஒருத்தர் படுத்துப் படம் எடுத்தார்கள். மிச்சப் பூவெல்லாம் ஜமுக்காளத்துக்கு அடியில் இருந்தது.

"மேடம், நீங்கதான் வரைஞ்சீங்களா?" பூங்கோதையைப் பார்த்து ஒரு பெண் ஓடிவந்தாள். "உங்க படத்தைப் பார்த்துக்கிட்டே வந்தோம் மேடம். ஒரு இடத்துல கூட வழி கேக்கலை!"

பூங்கோதைக்கு முகம் செத்துப்போயிற்று. "ஐயையோ, அந்த ஜமுக்காளத்தை எடுங்களேன், கீழே பூ இருக்குங்க" என்று கத்தினாள். எடுத்தார்கள். மன்னிப்புக்கூடக் கேட்டார்கள். பிறகு அந்த மண்ணில் ஆள் மாற்றி ஆள் முட்டி போட்டார்கள்.

பென்சில் பையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தது. நசுங்கிய பூ ஒன்று இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"பொறுத்துக்கோ" என்று கெஞ்சியது பென்சில். "உன் காய்? உன் விதை?"

"காய் இன்னும் பச்சையா இருக்கு" என்றது பூ. "முத்தவே இல்லை." அதற்கப்புறம் அது பேசவில்லை.

வீடு திரும்பியதும் பென்சில் கேமரா மேல் பாய்ந்தது. "பாவி! புல்லைப் பிடுங்கினப்பவே நினைச்சேன், உன்னாலதான் அதுக்குச் சாவுன்னு!"

கேமரா அதையே பார்த்துக்கொண்டிருந்தது. "பிடுங்கினேன், ஒத்துக்கறேன். ஆனா என் படத்துல அது எங்கே இருக்குன்னு யாராலயும் சொல்ல முடிஞ்சுதா? எனக்கு அது எங்கே இருந்தாலும் ஒண்ணுதான்னு சொன்னேன், நீ காறித் துப்பினே. உனக்கு அது மேல உசிரு. அதனாலதான் விலாசம் எழுதிக் கொடுத்துட்டே."

 பென்சில் திரும்பி ரப்பரிடம் அழுதது. "அழிச்சிடு. அந்தப் பாறையை, பாதையை, எல்லாத்தையும் அழிச்சிடு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"தாள்ல இருக்கிறதைத்தான் எனக்கு அழிக்கத் தெரியும்" என்றது ரப்பர். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னது.

வருஷம் ஒன்று ஓடியது. மறுபடியும் மாசிப் பனி, மறுபடியும் புங்கந்தளிர். ஊரே பளிச்சென்று இருந்தது. பென்சிலுக்கு எதுவும் பிடிக்கவில்லை. தவளைப் பாறைக்குப் பின்னால் மண் தார்ரோடு மாதிரி இறுகிக் கிடந்தது. பூங்கோதை அங்கே உட்கார்ந்து அந்த மண்ணைத் தடவிப் பார்த்தாள். சேந்தன் கேமராவை உறையிலிருந்தே எடுக்கவில்லை.

எழுந்திருக்கும்போதுதான் அவள் பார்த்தாள். பாறையின் வெடிப்புக்குள், கால் எட்டாத இடத்தில், எந்த வருஷத்து விதையோ முளைத்து ஒற்றைப் பொட்டாகப் பூத்திருந்தது.

"சேந்தா! ஒண்ணு இருக்குடா! ஒண்ணே ஒண்ணு!" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உட்கார்ந்து தாளை எடுத்தாள்.

"வேணாம்க்கா. போன வருஷம் பட்டது போதாதா?"

"போன வருஷம் அந்த முத்துவேலப்பா சார் இடத்தோட பேரைக் குழுவுல போட்டதுலதான்டா வினையே வந்துச்சு. இந்தத் தடவை குழுவுல போடவே மாட்டேன். எனக்கே எனக்குன்னு வரைஞ்சு, கடையில கல்லாவுக்குப் பின்னாடி மாட்டிக்கறேன். தினமும் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

"கல்லாவுக்குப் பின்னாடியா?" என்று ரப்பர் அலறியது. "மருந்துக்கடைக்கு வராதவங்க ஊர்ல யாரு இருக்கா?"

மனிதர்களுக்கு ரப்பர் பேசுவது எங்கே கேட்கிறது?

பென்சில் ஒரு முடிவுக்கு வந்தது. பாறையின் முதல் கோட்டை அவள் இழுத்தபோது, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டித் தன் முனையைத் தானே முறித்துக்கொண்டது. பூங்கோதை ஷார்ப்னரில் விட்டுச் சீவினாள். மறுபடி முறித்துக்கொண்டது. மறுபடி சீவினாள். வலி உயிர் போயிற்று. ஒவ்வொரு சீவலுக்கும் அது வெடிப்புக்குள் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டது. நான் தீர்ந்துபோனால் இது பிழைத்துக்கொள்ளும், நான் தீர்ந்துபோனால் போதும் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டது. சுருள் சுருளாகத் தன் உடம்பு மண்ணில் விழுவதைப் பார்த்தும் அது விடவில்லை. கடைசியில் விரலில் பிடிக்க முடியாத துண்டாகிவிட்டது.

"சே, இந்தப் பென்சிலுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சோ" என்றாள் பூங்கோதை. துண்டைக் கீழே வைத்துவிட்டுப் பையைத் துழாவினாள். உள்ளே புதுப் பென்சில் ஒன்று இருந்தது. சீவி முடித்த முனை ஊசி மாதிரி மின்னியது.

மண்ணில் கிடந்த துண்டு, இருக்கிற கொஞ்சம் உயிரையும் கூட்டிக் கத்தியது. "தம்பி, பாறையை வரையாதேடா! அந்த மரத்தையும் பாதையையும் விட்டுடு! பூவை மட்டும் வரைஞ்சுட்டுப் போயிடு, உனக்குக் கோடி புண்ணியம்!"

புதுப் பென்சில் அந்த அழுக்குத் துண்டை ஏற இறங்கப் பார்த்தது. இப்படியும் ஒரு மனசில்லாத ஜென்மமா என்று அதற்கு அருவருப்பாக இருந்தது. பிறகு வெடிப்புக்குள் இருந்த பூவின் பக்கம் குனிந்து, ரொம்ப அன்பாகச் சொன்னது:

"கவலைப்படாதே. உன்னை உன் வீட்டோட சேர்த்துத்தான் வரைவேன்."