காத்தவன் மனுசனான வாரம்

மூங்கணாம்பட்டியில் மூளையை யாரும் அநாவசியமாகச் செலவழிப்பதில்லை, தேய்ந்துவிடுமாம். அப்படிப்பட்ட ஊரின் தலைவர் தீத்தாரப்பனுக்குத்தானா இந்தச் சோதனை வரவேண்டும்!

பள்ளிக்கூடத்துக் கழிவுத் தொட்டி பொங்கி வாசல்வரை வந்துவிட்டது. போன முறை, ஊருக்குத் தொட்டி அள்ளும் காத்தவனின் தம்பி அதில் இறங்கி, உயிரோடு மேலே வரவில்லை. ஊரார் பெரிய மனசு பண்ணி ஒரு மாலை போட்டார்கள். இந்த முறை அதிகாரி ஒருவர் கழிவை உறிஞ்சும் புது மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தினார். "உள்ள விஷவாயு இருக்கான்னு பாத்துட்டு இதைப் போடுங்க. மனுசனை இறக்கினா உமக்கு ஜெயில்தான்" என்று தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயில் என்றதும் தீத்தாரப்பன் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு ஊர்க்கூட்டத்தைக் கூட்டினார்.

"வாயு இருக்கான்னு எப்படிப் பாக்க?"

"கோழியை இறக்கலாமா அண்ணாச்சி?"

"அது அம்மனுக்கு நேந்துவிட்டதுல்லா! பாவம் வந்து சேரும்."

"அப்போ காத்தவனை இறக்குவோம்."

பாவம் சேராத இந்த யோசனை எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

ஓரமாக நின்ற காத்தவன் மெல்லக் கேட்டான்: "ஐயா, நானும் மனுசந்தானே?"

இப்படியொரு சந்தேகம் அந்த ஊரில் யாருக்கும் வந்ததில்லை. பொருளாளர் பிச்சாண்டி விசாரணையைத் தொடங்கினார்.

"இவன் கோயிலுக்குள்ள வாரானா?"

"இல்ல."

"நம்ம கல்யாணப் பந்தியில உக்காந்திருக்கானா?"

"கிடையவே கிடையாது."

"பொறவு எப்படில மனுசன்?"

தீத்தாரப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாமே எழுந்து காத்தவன் இடுப்பில் கயிற்றைக் கட்டினார்.

காத்தவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். தம்பியைக் கட்டி இறக்கியதும் இப்படித்தான். "ஐயா, நேத்து ஓட்டு கேட்டு என் வீட்டுக்கு வந்து, என்னைக் கும்பிட்டு, 'காத்தவண்ணாச்சி'ன்னு கூப்பிட்டியளே. மனுசன் இல்லாதவன்கிட்டயா கேட்டிய?"

தலைவரின் கை தானாகக் கயிற்றை விட்டது. கும்பிட்டது உண்மை. போட்டோ வேறு எடுத்திருந்தார்கள்.

"போச்சு! அடுத்த வாரம் தேர்தல் முடியுறவரை இவன் மனுசந்தான்" என்று பிச்சாண்டி தலையில் கைவைத்தார். "அதுவரை தொட்டி தாங்காதே!"

தீத்தாரப்பன் கண்ணை மூடி, வாழ்க்கையில் முதல்முறையாக யோசித்தார்.

"தேர்தலையே நிறுத்திட்டா?"

மறுநாள் காலை ஊரே திரண்டு சாலை மறியல் செய்தது. "தேர்தலை நிறுத்து! காத்தவனைப் பழையபடி ஆக்கு!" என்ற கோஷம் வானத்தைப் பிளந்தது. கூட்டம் கொஞ்சம் குறைச்சலாகத் தெரிந்ததால், ஒரு தலை கூடட்டுமே என்று காத்தவனையும் கூப்பிட ஆளனுப்பினார் தலைவர். வந்தால் தள்ளி உட்காரச் சொல்லவும் அவர் மறக்கவில்லை.