ஊத்துப்பாறையில் சென்னியப்பன் அடித்த ரவுண்டு

ஊத்துப்பாறை கார் ரேஸ் டிராக்குக்கு நேர் எதிரே மயிலாத்தாளின் டீக்கடை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், பெஞ்சில் உட்கார இடமில்லை. எல்லாரும் டிராக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்க, சென்னியப்பன் மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காரணம் கடைக்கே தெரியும். பதினெட்டு வருசமாக ஊத்துப்பாறையில் ஒரு ரவுண்டை அவரைவிட வேகமாக யாரும் அடித்ததில்லை. டிராக் வாசல் போர்டில் கொட்டை எழுத்தில் அவர் பேர்தான். அன்று காலையில் திருப்பூரிலிருந்து வந்த கௌசிகா என்கிற பெண் அந்த ரெக்கார்டை உடைத்துவிட்டாள். இப்போது பெயிண்டர் ஏணி போட்டு ஏறி, அவர் பேர் மேல் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. திறக்காததுதான் சென்னியப்பனை இன்னும் குடைந்தது.

"அட, அது கெடக்குது போங்க," என்று அவரே ஆரம்பித்தார். "அந்தப் போர்டுல இருந்ததெல்லாம் ஒரு ரெக்கார்டா? அது காய்ச்சலோட ஓட்டினது. நெசமா நான் ஓட்டின ஓட்டம் கணக்குலயே வரலை."

எதிரே நாச்சிமுத்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். டிராக்கில் கொடி ஆட்டுகிறவர். சென்னியப்பன் சொன்ன எதையும் அவர் இதுவரை நம்பியதில்லை. ஆனால் பாதியில் எழுந்து போனதும் இல்லை.

"ஏனப்பா கணக்குல வரலை?"

"கடியாரக்காரன் பொத்தானை அமுக்கறதுக்குள்ள நான் வந்து சேந்துட்டேன். கள்ளிமேட்டு வளைவு இருக்குதல்ல? அங்க நான் திருப்பின திருப்புல எம்பட நெழலுக்குத் திரும்ப முடியலை. நேரா சோளக்காட்டுக்குள்ள போயிருச்சு. நான் இங்க வந்து ஒரு டீ குடிச்சு முடிக்கறேன், அப்பத்தான் அது மூச்சு வாங்கிக்கிட்டு வருது. மேலெல்லாம் சோளத் தூசி."

"பாவம், அதுக்கும் ஒரு டீ சொல்லியிருக்கலாமல்ல தம்பி," என்றாள் மயிலாத்தாள், அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமலே.

"சொன்னேனக்கா. வெய்யில் சாஞ்சிருச்சுன்னு சொல்லிப்போட்டுக் கெளம்பிருச்சு."

பெஞ்சு குலுங்கியது. சென்னியப்பனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நாச்சிமுத்து விடவில்லை.

"அன்னிக்குக் கொடியோட நின்னவன் நானப்பா. வண்டிச் சத்தமே எனக்குக் கேக்கலையே?"

"எப்படிங்க கேக்கும்? நான் ஓட்டினது ஞாயித்துக்கிழமை. சத்தம் வந்து சேந்தது செவ்வாக்கிழமை! டிராக்குல ஒரு குருவி இல்லை. வாட்ச்மேன் ஒருத்தர்தான் சோத்துப் போசியத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கறாரு. வண்டியக் காணோம், சத்தம் மட்டும் உறுமிக்கிட்டு ரவுண்டு வருது. கியர் மாத்தற சத்தம் உட்படக் கேட்டுதாம். மனுசன் போசிய அப்படியே போட்டுட்டு, பழனிக்குப் போய் மொட்டை அடிச்சுக்கிட்டாரு."

"அந்த வாட்ச்மேன் மொதல்லயே வழுக்கையாச்சே?"

"அதனாலதான் சீக்கரமா வேலை முடிஞ்சுது."

இந்தத் தடவை நாச்சிமுத்துவே டீயைச் சிந்திவிட்டார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் எல்லார் கண்ணும் சென்னியப்பனின் தலைக்கு மேலே, வாசல் பக்கம் போய் வந்தது. பேர் முழுக்க மறைந்துவிட்டது போலிருக்கிறது. அவர் திரும்பிப் பார்க்காமலே குரலை உயர்த்தினார்.

"இன்னும் முடியலை, கேளுங்க. அடுத்த ரவுண்டுல இன்னுங் கொஞ்சம் மிதிச்சேன். பாத்தா, முன்னால ஒரு வெள்ளை ஃபியட்டு போகுது. எவன்டா அது நம்மளுக்கு முன்னாலன்னு ஹாரன் அடிக்கறேன், வழி விட மாட்டேங்கறான். பின் பம்பரு கோணலா இருக்குது. அட, நம்ம பம்பரும் கோணல்தானேன்னு நம்பரைப் பாக்கறேன். எம்பட வண்டி நம்பரு! சுத்தி வந்த வேகத்துல எம்பட வண்டிக்குப் பின்னால நானே வந்து சேந்துட்டேன்."

"முந்தினியா?"

"எங்க முந்தறது? முன்னால போறவனும் நாந்தானே, லேசுல விடுவானா? கடைசி வரைக்கும் முட்டிப் பாத்தேன். ஒரு மொழம் வித்தியாசத்துல ரெண்டாவதா வந்தேன்." சென்னியப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். "இந்த ஊத்துப்பாறையில என்னைத் தோக்கடிச்சவன் ஒருத்தன்தான். அது நாந்தான்."

"ஏனுங்ணா, ரெண்டாவதுங்களா?"

குரல் பின்னாலிருந்து வந்தது. கௌசிகா. ரேஸ் உடுப்போடு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. சென்னியப்பனுக்குக் காது மடல் சூடேறியது. காலையில் ரெக்கார்டை உடைத்தவள், இப்போது ஊர் முன்னால் தன்னையும் உடைக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தார்.

"ஆமா அம்மிணி," என்றார் மெதுவாக. "ரெண்டாவது."

"இல்லீங்ணா, கொஞ்சம் தப்பாச் சொல்றீங்க." அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. "காலையில நான் போன வேகத்துல, கள்ளிமேட்டு வளைவு தாண்டினதும் பதினெட்டு வருசம் பின்னால போயிட்டேனுங்க. பாத்தா ரெண்டு வெள்ளை ஃபியட்டு ஒண்ணை ஒண்ணு முட்டிக்கிட்டுப் போகுது. ரெண்டுலயும் நீங்கதான். ரெண்டு பேருமே வழி விடலை. மண்ணுல எறக்கி ஒரே மிதி, முந்திப் போயிட்டேனுங்க. நீங்க ரெண்டாவதும் மூணாவதும்ங்ணா."

சென்னியப்பன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை. ஆனால் ஆச்சரியம், நெஞ்சிலிருந்த பாரமும் எங்கேயோ போயிருந்தது. நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டார். பிறகு, பதில் சொல்ல ஒரு கை கொடுப்பார் என்று நாச்சிமுத்துவைப் பார்த்தார். பிறத்தியார் பேச்சை நம்பாத மனுசன் அவர் ஒருவர்தானே.

"நீங்களே சொல்லுங்க. எப்படிப் புளுகறா பாருங்க இந்தப் பொண்ணு!"

நாச்சிமுத்து டம்ளரைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லப்பா, அம்மிணி சொல்றது நெசந்தான். கொடியாட்டினவன் நாந்தானே. மூணு வண்டி வந்துது."