சுண்டுவிரலில் பிளாஸ்திரி

குருவுக்கு வயது இருபத்தாறு, சீடருக்கு ஐம்பத்தேழு. குடியாத்தத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த கணினிப் பயிற்சி மையத்தில் அந்த ஒரு மாதமும் பாடம் இப்படித்தான் நடந்தது.

சீடர் தணிகாசலம் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் கொடையாளர் பட்டியலைப் பார்த்துக்கொள்பவர். ஆயிரத்து நானூறு பேர். யாருக்கு என்ன வகை, கடைசியாக எப்போது கொடுத்தார், எந்த நேரத்தில் கூப்பிட்டால் போனை எடுப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பட்டியல் இருந்தது கறுப்புத் திரையில் ஓடும் பழைய அட்டவணை மென்பொருளில். அதில் எதைச் செய்வதென்றாலும் முதலில் சாய்கோட்டு விசையைத் தட்ட வேண்டும், பிறகு இரண்டு மூன்று எழுத்துகள். இருபத்திரண்டு வருடமாக அவருடைய வலது சுண்டுவிரல் அவரைக் கேட்காமலே அதைத் தட்டிவந்தது.

ஒருநாள் பழைய கணினி மண்டையைப் போட்டது. பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றி, வகுப்பில் பழகிப் பார்க்க ஒரு நகலும் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் அதில் வேலை செய்யத் தெரிந்துகொண்டால் அதே நாற்காலி, இல்லாவிட்டால் தபால் பிரிவு. தபால் பிரிவில் யாரையும் கூப்பிட்டு ரத்தம் கேட்க வேண்டியதில்லை. அது இல்லாத நாற்காலி தணிகாசலத்துக்கு வேண்டாம்.

பழசை மறந்தால்தான் புதுசு ஏறும் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவரும் மறந்து பார்த்தார். விரல் மறக்கவில்லை. தட்டிவிடும், உடனே அவர் பதறிப்போய் எஸ்கேப்பை அமுக்குவார்.

கடைசி வாரத்து வெள்ளிக்கிழமை காலை வகுப்புக்கு வந்தபோது அந்தச் சுண்டுவிரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

"என்ன சார், அடிபட்டுடுச்சா?" என்று கேட்டார் குரு ஷமீமா.

"இல்ல டீச்சர். அந்தச் சாவியத் தட்டக் கூடாதுன்னு கட்டிப்போட்டிருக்கேன்."

ஷமீமா சிரிப்பை அடக்கப் பார்த்தார். பாதிதான் அடங்கியது.

தணிகாசலம் சிரிக்கவில்லை. தபால் பிரிவுக்கே போய்விடுவதாகச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாராம். போவதற்கு முன் ஒன்றே ஒன்று தெரிய வேண்டுமாம்.

"பழசை மறக்க ஒரு மனுஷனுக்கு எவ்ளோ நாள் ஆவும், டீச்சர்?"

ஷமீமா பிளாஸ்திரியைப் பிரிக்கச் சொன்னார். குப்பைக்கூடையை நகர்த்தி வைத்தார்.

"இப்போ தட்டுங்க."

"தப்பாயிடும்."

"ஆகட்டும். எஸ்கேப் பக்கம் மட்டும் போகாதீங்க."

தட்டினார். திரையின் மேல்வரிசையில் இருந்த ஒவ்வொரு மெனுப் பெயருக்கும் கீழே ஒரு சின்ன எழுத்து முளைத்தது. தட்டியபின் என்ன வருகிறது என்று இத்தனை நாளில் ஒரு தடவையாவது நின்று பார்த்திருக்கிறாரா மனிதர்? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுத்துகள் அங்கேயே காத்திருந்தன.

சந்தோஷத்தில் விரல்கள் அடங்கவில்லை. புது வரிசை சேர்க்கும் பழைய கட்டளையைக் கடகடவென்று அடித்தன: டபிள்யூ, ஐ, ஆர். திரையில் இருந்த அட்டவணைத் தாளின் நடுவே 'பக்கம் ஒன்று' என்று சாம்பல் நிறத்தில் ஆளுயரத்துக்கு ஏதோ வந்து நின்றது. கட்டத்துக்குள் ஆர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஷமீமா தாளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். மேலே இருக்கும் எழுத்தைப் படித்துவிட்டு அடுத்ததைத் தட்டச் சொன்னார்.

சாய்கோடு. எச். பிறகு ஐ. பிறகு ஆர்.

ஓ நெகட்டிவ்காரர்கள் இரண்டு பேருக்கு நடுவே ஒரு வெற்று வரிசை திறந்தது. மூன்று எழுத்தில் இரண்டு அவருடைய பழைய எழுத்துகள். அவர் அதில் ஆரோக்கியதாஸ் என்று அடித்தார். முந்தாநாள் தானாக வந்து பெயர் கொடுத்த ஆள், மாலை ஆறு மணிக்கு மேல்தான் கூப்பிட வேண்டும். அதையும் பக்கத்துக் கட்டத்தில் அடித்தார். தபால் பிரிவின் பேச்சையே காணோம்.

கொஞ்ச நேரம் கழித்துத் தன் சுண்டுவிரலைப் பார்த்தபடி கேட்டார்.

"எல்லாத்தையும் மாத்துனவங்க இந்த ஒரு சாவிய மட்டும் ஏன் டீச்சர் வுட்டு வெச்சாங்க?"

"உங்கள மாதிரி பழசுல பழகினவங்க வாசலோட திரும்பிப் போயிடக் கூடாதுன்னுதான் சார்."