மேடான் கொசுவுக்கு மூன்று யூரோ

எங்கள் ஊர் கோணக்குளத்தை நீங்கள் மேப்பில் தேட வேண்டாம். மேப் போட வந்த அதிகாரி எங்கள் ஆட்களிடம் வழி கேட்டார், அவர்களும் மனசார வழி சொன்னார்கள், மனுஷன் இன்னும் திரும்பி வரவில்லை. அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து மூன்று பேர் ஹாலந்துக்குப் போய், மூடப்போன ஒரு இந்தோனேசியா ஓட்டலைத் தூக்கி நிறுத்தினார்கள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

முத்திருளாண்டி, கோட்டைச்சாமி, தவசி. மூன்று பேருக்கும் கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறுவதுதான் தொழில். அதில் அவர்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. எங்கள் ஊர்ப் பந்தியில் "போதும்" என்று சொன்னால் இன்னொரு கரண்டி விழும். "ஐயோ போதும்" என்றால் இரண்டு கரண்டி. சாப்பிடுகிறவர் இலையை மடித்தால்தான் பரிமாறுகிறவன் நகர்வான். மடிக்காத இலையை விட்டு நகர்ந்தவனுக்கு ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

மதுரையில் ஒரு கல்யாணத்தில் இந்தப் பரிமாறலைப் பார்த்துச் சொக்கிப்போனவர் கமலவல்லி அக்கா. இந்தோனேசியாவில் மேடான் நகரத்துத் தமிழ்க் குடும்பம். அவருடைய அப்பா மாணிக்கம் அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அக்கா வாழ்க்கைப்பட்டுப் போனது ஹாலந்துக்கு. ஹேக் நகரத்தில் அப்பா பெயரிலேயே ஒரு இந்தோனேசியா ஓட்டல் திறந்து, அப்பா கடையின் பழைய விலைப்பலகையைச் சமையல்கட்டில் மாட்டியிருந்தார். தினமும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பையே பற்றவைப்பார். "இந்த மாதிரி பரிமாறினா வந்தவங்க திரும்பத் திரும்ப வருவாங்கப்பா" என்று சொல்லி மூன்று பேருக்கும் விசா எடுத்துக் கூட்டிக்கொண்டு போனார். பாவம், நல்ல மனுஷி.

ஆனால் ஓட்டல் ஓடவில்லை. வருகிறவர்கள் விலையைப் பார்த்துவிட்டு, "ஒரு தட்டு சோறு இருபத்தஞ்சு யூரோவா? அந்த ஊர்ல இந்தக் காசுக்கு ஒரு குடும்பமே சாப்பிடுமே" என்று முகம் சுளித்தார்கள். அக்கா என்ன செய்வார்? வாடகை, கேஸ், கரண்ட், கப்பலில் வருகிற தேங்காய்ப்பால். ருசியிலாவது மனம் குளிர்வார்களா என்றால் அதுவும் இல்லை. மற்ற ஓட்டல்காரர்கள் எல்லாவற்றிலும் சர்க்கரையை அள்ளிப்போட்டுப் பழக்கியிருந்தார்கள். அக்காவின் அசல் காரத்தைத் தின்றவர்கள், "இது இந்தோனேசியா சாப்பாடு மாதிரியே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டடத்துச் சொந்தக்காரர் வேறு வந்து, வருஷம் முடிவதற்குள் கடை நிறையாவிட்டால் வாஃபிள் கடைக்காரனுக்கு இடத்தை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார். அப்பா பெயர் போட்ட போர்டு இறங்கிவிடுமே என்று அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் ஹென்ட்ரிக் என்கிற பெரியவர் சாப்பிட வருவதாகச் செய்தி வந்தது. பத்திரிகையில் ஓட்டல்களைப் பற்றி எழுதுகிறவர். பிறந்து, பத்து வயசு வரை வளர்ந்தது மேடானில். அவர் போலி என்று எழுதிவிட்டால் அந்த ஓட்டலில் ஈ கூட உட்காராது.

அவர் வருகிற அன்றைக்குப் பார்த்து, சமையலில் மணத்துக்குப் போடுகிற பண்டான் இலை தீர்ந்துவிட்டது. அக்கா ராட்டர்டாம் சந்தைக்குக் கிளம்பும்போது மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"நான் போயிட்டு ஓடி வந்துடறேன். ரெண்டாங் அடுப்புல இருக்கு, பாத்துக்கிட்டே இருங்க. ஒருவேளை அவர் முன்னாடியே வந்துட்டா, அவருக்கு மேடான்ல இருக்கற மாதிரியே இருக்கணும். ஹாலந்துங்கற நெனப்பே வரக் கூடாது. ஒரு இம்மி பிசகினாலும் என் கடை போச்சு, அப்பா பேரு போச்சு. புரிஞ்சுதா?"

புரிந்தது என்றார்கள். அதுதான் வினை.

ரெண்டாங் என்றால் மாட்டிறைச்சியைத் தேங்காய்ப்பாலில் போட்டு மெல்ல மெல்ல வேகவைக்கிற கறி. பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னாரா, மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நின்று பார்த்தார்கள். கிண்டவில்லை, தீயைக் குறைக்கவில்லை, பார்த்தார்கள்.

"அண்ணே, கண்ணு சிமிட்டுற நேரத்துல யாரு பாக்குறது?" என்று கேட்டான் தவசி.

முத்திருளாண்டி யோசித்துவிட்டு, "ஒவ்வொருத்தரா சிமிட்டுவோம். முதல்ல நீ, அப்புறம் கோட்டை, கடைசியா நான்" என்றார்.

அப்படியே சிமிட்டினார்கள். பாலெல்லாம் வற்றி, எண்ணெய் பிரிந்து, கறி கன்னங்கரேலென்று ஆனபோது, "அக்கா சொன்ன மாதிரியே நல்லாப் பாத்துட்டோம்" என்று திருப்தியாக இறக்கிவைத்தார்கள்.

வெளியே பனி கொட்ட ஆரம்பித்தது. ரயில் நின்றுபோய் அக்கா நடுவழியில் மாட்டிக்கொண்டார். போனில் சார்ஜும் இல்லை. கோட்டைச்சாமிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, ஒரு மேசை நிறைய சின்னச் சின்னக் கிண்ணமா வைக்கிறாங்களே, ரைஸ்தாஃபல்னு, அதை அந்தப் பெரியவர் போலின்னு எழுதியிருக்காராம். மேடான்ல அப்படிச் சாப்பிட மாட்டாங்களாம். டச்சு தொரைமார் உண்டாக்குனதாம்."

"அப்ப அது இந்த ஊர்க்காரங்க உண்டாக்குனது. இந்த ஊர்ல அதுதானே அசல்?" என்றார் முத்திருளாண்டி.

"அக்கா சமைக்கிறது?"

"அது அங்க அசல். இங்க போலி."

மூன்று பேருக்கும் முகம் வாடிவிட்டது. அக்கா சோறு போட்ட கை. அவர் சமையல் போலியாவதா என்று தவசிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"ஓட்டலைத் தூக்கிட்டு மேடானுக்குப் போயிட்டா அசலாயிருமே அண்ணே?"

"வாடகை இங்கயில்ல கட்டியிருக்கு."

"அப்ப மேடானைத்தான் இங்க கொண்டுவரணும்" என்றான் கோட்டைச்சாமி.

வேறு வழியே தெரியவில்லை. மேடானில் என்னென்ன உண்டு என்று யோசித்தார்கள். அக்காதான் தினம் சொல்வாரே. உட்கார்ந்தால் வேர்த்துக் கொட்டும், சாயங்காலமானால் மழை பிடித்துக்கொள்ளும், காதோரம் கொசு பாடும். முத்திருளாண்டி வேலையைப் பிரித்தார். ஹீட்டரை முறுக்க முடிந்தவரை முறுக்கினார். கோட்டைச்சாமி வாளியும் ஏணியுமாகத் தெருப்பக்கம் போனான். கொசுவுக்குத்தான் திண்டாட்டமாகிவிட்டது. டிசம்பர் மாதத்து ஹாலந்தில் கொசுவுக்கு எங்கே போவது?

"தவசி, உனக்குத்தான் குரல் மெலிசு. நீயே கொசுவாயிரு" என்றார் முத்திருளாண்டி.

"கடிக்கணுமா அண்ணே?"

முத்திருளாண்டி ரொம்ப நேரம் யோசித்தார். "முதல் நாளே வேணாம்" என்றார்.

ஹென்ட்ரிக் வந்தார். கோட்டைக் கழற்றினார். உட்கார்ந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினார். சூப் வருவதற்குள் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். நெற்றியில் வேர்வை ஓடியது. கண்ணாடி ஜன்னலில் சடசடவென்று மழை. வெளியே ஏணியில் நின்ற கோட்டைச்சாமி வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தான். மீசையில் ஐஸ் தொங்கியது, பாதி மழை கண்ணாடியிலேயே உறைந்து நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து தவசி "ஞொய்ங்" என்றான். பெரியவர் பட்டென்று கழுத்தில் அடித்துக்கொண்டார். தவசி ஓசைப்படாமல் தவழ்ந்து அடுத்த காதுப் பக்கம் போனான்.

முத்திருளாண்டி பரிமாறினார். சோறு, கரிந்த ரெண்டாங், சம்பல் என்கிற மிளகாய்த் துவையல், சாத்தே என்கிற குச்சியில் குத்திச் சுட்ட கறி. பெரியவர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நன்றாகச் சாப்பிட்டார். பிறகு கையைக் காட்டிப் போதும் என்றார். விழுந்தது ஒரு கரண்டி. ஐயோ போதும் என்கிற மாதிரி இரண்டு கையையும் காட்டினார். விழுந்தது இரண்டு கரண்டி. பாஷை தெரியாவிட்டால் என்ன, பந்தி பந்திதானே. முத்திருளாண்டி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பீங்கான் தட்டு எங்கே மடியப்போகிறது? பெரியவரும் மரியாதைக்காரர், தட்டில் விழுந்ததை மிச்சம் வைத்துப் பழக்கமில்லை. தின்றார், பெல்ட்டைத் தளர்த்தினார், மறுபடி தின்றார். கடைசியில் தாங்க முடியாமல் தட்டின்மேல் கை துடைக்கிற துணியை விரித்து, தன் பக்கமாக மடித்துப் போட்டார்.

"மடிச்சுட்டாரு" என்றார் முத்திருளாண்டி. கரண்டி அந்த நிமிஷமே நின்றது.

பில் போட வேண்டும். என்ன விலை போடுவது? எல்லாம் மேடான் மாதிரியே இருக்க வேண்டுமே. முத்திருளாண்டி நேராக அப்பாவின் விலைப்பலகைக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டுவிட்டு, பார்த்துப் பார்த்துக் கூட்டிக் கொண்டுவந்து வைத்தார். அறுபதாயிரம்.

ஹென்ட்ரிக் பில்லைப் பார்த்தார். எழுந்தார். உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பனியை உதறிக்கொண்டு, கையில் பண்டான் இலையோடு கமலவல்லி அக்கா உள்ளே வந்தார். வாசலில் ஐஸ் பிடித்த ஒருத்தன். உள்ளே அடுப்பங்கரைச் சூடு. திரைக்கு அடியில் தவழ்ந்துகொண்டு ஒருத்தன். மேசையில் நெஞ்சைப் பிடித்தபடி பெரியவர். அக்காவுக்கு உயிரே போய்விட்டது. பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "என் அப்பா பேரைக் கெடுத்துட்டீங்களேடா பாவிகளா" என்று அழுதார்.

ஹென்ட்ரிக் பில்லை நீட்டி, அறுபதாயிரம் யூரோவா என்று கேட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அப்பாவின் விலை. "ரூப்பியாங்க. எங்கப்பா கடையில போட்ட விலை" என்றார் தேம்பிக்கொண்டே.

பெரியவர் இந்தோனேசியா ரூப்பியாவை யூரோவாக மாற்றி மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரு காப்பிக் காசு. முதலில் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் அழுகையில் போய் முடிந்தது. "நான் பத்து வயசுல விட்டுட்டு வந்த ஊரும்மா. அந்த வேர்வை, அந்த மழை. ரெண்டாங்கை இந்த நாட்டுல எல்லாரும் குழம்பா ஊத்துறாங்க, இங்கதான் எங்க வீட்டு மாதிரி வறண்டு கறுத்து இருக்கு. அந்தக் கொசுகூட அதே கொசுதான். குரலை வச்சே சொல்லுவேன்" என்றார். திரைக்குப் பின்னால் தவசி வெட்கப்பட்டான்.

அடுத்த வாரமே பத்திரிகையில் வந்துவிட்டது. இந்த நாட்டிலேயே அசலான இந்தோனேசியா ஓட்டல் இதுதான் என்று எழுதியிருந்தார். அதற்குமேல் கடையில் நிற்க இடமில்லை. கட்டடக்காரரே ஒரு மேசைக்காகப் பனியில் வரிசையில் நின்றார், வாஃபிள் கடைக்காரர் அவருக்குப் பின்னால் நின்றார். போர்டில் மாணிக்கம் பெயருக்கு அக்கா புதுசாகப் பெயின்ட் அடித்தார். தட்டு இருபத்தைந்து யூரோதான். யாரும் முகம் சுளிக்கவில்லை. சோற்றுக்குத்தான் அவ்வளவு கொடுக்க மனசு வரவில்லையே தவிர, கொசுவுக்குக் கொடுக்க ஒருத்தரும் தயங்கவில்லை. அக்காவும் பிழைக்கத் தெரிந்தவர், பில்லில் தனியாகவே போட்டார். மழை இரண்டு யூரோ, கொசு மூன்று யூரோ.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒரு டீச்சரம்மா வருகிற வரைக்கும். அந்தம்மா மூலை மேசையில் உட்கார்ந்து, தனக்குக் கொசு பிடிக்காது, கொசு இல்லாமல் சாப்பாடு வேண்டும் என்று கேட்டார். அக்கா வந்து தமிழில் சொன்னார்.

முத்திருளாண்டிக்கு அது நியாயமாகப் படவில்லை. "கொசு இல்லாத மேடான் ஏது அக்கா? வேணாம்னா அங்க என்ன செய்வாங்க? கொசுவத்தி ஏத்துவாங்க" என்றார். கொசுவத்தி ஐந்து யூரோ என்று முடிவானது. டீச்சரம்மாவும் சரி என்றார். முத்திருளாண்டி சுருளைப் பற்றவைத்து மேசைக்கடியில் வைத்தார்.

தவசி நாணயஸ்தன். காசு வாங்கின இடத்தில் ஏமாற்ற மாட்டான். புகை வந்ததும் குரல் கம்மியது, சுருதி இறங்கியது, திரையை விட்டு வெளியே வந்து இரண்டு சுற்றுச் சுற்றி, டீச்சரம்மா காலடியில் மல்லாந்து விழுந்து கை கால்களை மடக்கிக்கொண்டான். டீச்சரம்மா கைதட்டினார்.

ஆனால் பக்கத்து மேசைக்காரர் கோபமாக எழுந்துவிட்டார். அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருந்தார், ஆளுக்கு மூன்று யூரோ கொசுவுக்குக் கட்டியிருந்தார். "எங்க கொசுவை ஏன் கொன்னீங்க?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மழை ஊற்றிக்கொண்டிருந்த கோட்டைச்சாமியும் வாளியோடு உள்ளே வந்துவிட்டான். ஓட்டலே சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"அண்ணே, காசைத் திருப்பிக் கொடுத்துருவோமா?" என்றான் கோட்டைச்சாமி.

"எதுக்கு? அந்தம்மா சாவுக்குக் காசு கொடுத்திருக்கு, இவரு உசுருக்குக் காசு கொடுத்திருக்காரு. ரெண்டு பேரும் நமக்கு ஒண்ணுதான்."

"அப்ப தவசி இப்ப செத்துட்டானா, இருக்கானா?"

தரையில் கிடந்த தவசியும் ஒரு கண்ணை மட்டும் திறந்து, பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான். முத்திருளாண்டி இரண்டு மேசைகளையும் மாறி மாறிப் பார்த்தார். தாடையைத் தடவினார். பிறகு குனிந்து சொன்னார்.

"தவசி, நீ மூலை மேசைக்குத்தான் செத்திருக்கே. இந்த மேசைக்கு உசுரோடதான் இருக்கே. அந்தம்மா பக்கம் இருக்கற கையையும் காலையும் ஆட்டாம, இந்தப் பக்கத்து வாயால மட்டும் பாடு."