முதல் ரிங்கிலேயே எடுத்தவர்கள்

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. அந்தக் காலத்துக் குருகுலத்தில் இப்படி நடந்திருந்தால் ஊரே கைகொட்டிச் சிரித்திருக்கும். இப்போது பிஎச்.டி. என்று ஒன்று வந்து, எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது.

குரு, புள்ளியியல் பேராசிரியை ஷமீமா. நெல்லைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில், மாடியில் அவருடைய அறை. சீடர் தவசிமுத்து, ஒரு தனியார் கல்லூரியில் வேலைவாய்ப்பு அதிகாரி. கம்பெனிக்காரர்களைக் கல்லூரிக்கு அழைத்து வந்து, பிள்ளைகளை அவர்கள் முன்னால் நிறுத்தி, வேலை வாங்கிக் கொடுப்பது அவர் பிழைப்பு. எந்தப் பட்டம் படித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, முதல் சம்பளம் எவ்வளவு என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியும். ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு.

ஒரு புதன்கிழமை மத்தியானம் மனிதர் பை நிறையத் தாளோடு வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"உக்காருங்க சார். கணக்கு முடிஞ்சுதா?"

"முடிஞ்சிட்டு மேடம். பி.காம். படிச்சதுல எண்பத்தாறு சதவீதம் வேலையில இருக்காங்க. கம்ப்யூட்டர் தொண்ணூத்தொண்ணு. விலங்கியல் கூட எழுபதைத் தாண்டிட்டுன்னா பாத்துக்கிடுங்களேன்!"

"சம்பளம்?"

"கம்ப்யூட்டர்தான் முதல்ல. மாசம் சராசரி முப்பத்திரண்டாயிரம்." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டார். "என் பையனும் அதுல ஒருத்தன். அவனுக்கு முப்பத்தெட்டாயிரம்."

இசக்கிராஜ் ஒரே பிள்ளை. சின்ன வயதில் பாம்பு, ஓணான் என்று வயக்காடெல்லாம் அலைந்தவன். விலங்கியல் படிக்கிறேன் என்றான். தவசிமுத்து சண்டை போடவில்லை, அவர் சண்டைக்காரரும் இல்லை. விலங்கியல் படித்தவனுக்கு முதல் சம்பளம் இவ்வளவு, கம்ப்யூட்டர் படித்தவனுக்கு இவ்வளவு என்று இரண்டு எண்களை எழுதிக் காட்டினார். எண்ணோடு யார் வாதாட முடியும்? பையன் வாயை மூடிக்கொண்டு கம்ப்யூட்டரில் சேர்ந்தான்.

இப்போது சென்னையில் உத்தியோகம். பகலில் அப்பா போன் போட்டால் எடுக்க மாட்டான். 'மீட்டிங்' என்று ஒற்றை வார்த்தையில் மெசேஜ் வரும். ராத்திரி அம்மாவோடு இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுவான். பெரிய வேலை, பிஸியாகத்தான் இருப்பான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் தவசிமுத்து. மகன் குரலைக் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது என்பதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அது அவரை உள்ளே அரித்துக்கொண்டேதான் இருந்தது.

ஷமீமா தாள்களைப் புரட்டினார்.

"மொத்தம் எத்தனை பேருக்குப் போன் போட்டீங்க?"

"அறுநூறு பேர் மேடம்."

"எடுத்தவங்க?"

"முந்நூத்துச் சொச்சம்."

"மிச்சப் பேரு?"

தவசிமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதைத்தான் கேக்க வந்தேன். நாலு நாலு தடவை அடிச்சுப் பாத்துட்டேன், எடுக்க மாட்டேங்காங்க. அவங்களைக் கணக்குலேர்ந்து விட்டுரலாமா? எல்லாரும் அப்படித்தானே செய்யுதாங்க?"

"அவங்க ஏன் எடுக்கலன்னு நினைக்கீங்க?"

"வேலை நேரம்லா மேடம். பிஸியா இருப்பாங்க. வேற என்ன?"

குரு ஏதோ விளக்கப் போகிறார் என்று சீடர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த அம்மாள் ஒன்றும் விளக்கவில்லை.

"எந்த நம்பர்லேர்ந்து கூப்பிட்டீங்க?"

"காலேஜ்ல குடுத்த நம்பர்தான். பத்து வருஷமா அதே நம்பர். நம்ம பிள்ளைகள்ல அதைச் சேவ் பண்ணி வைக்காத ஆளே கிடையாது."

ஷமீமா தன்னுடைய போனை எடுத்து மேசைமேல் வைத்தார். ஸ்பீக்கரைப் போட்டார்.

"எடுக்காதவங்கள்ல ஒரு நம்பர் சொல்லுங்க."

"மேடம், பிரயோசனமே இல்ல. இந்தப் பிள்ளைக்கு நானே ஆறு தடவை..."

"சொல்லுங்க சார்."

சொன்னார். ஒரு ரிங் போயிருக்கும், அவ்வளவுதான்.

"ஹலோ, குட் ஆஃப்டர்நூன் சார்!" ஓடி வந்து எடுத்த மாதிரி ஒரு பெண்குரல், மூச்சு வாங்கியது.

"நான் யுனிவர்சிட்டியிலேர்ந்து பேசுதேம்மா. முதல்லயே சொல்லிருதேன், இது வேலைக்குக் கூப்பிடுத போன் இல்ல. பட்டம் படிச்சவங்களைப் பத்தி ஒரு கணக்கெடுப்பு."

"ஓ." குரல் இறங்கிவிட்டது. "சரி மேடம், கேளுங்க."

"இப்ப என்ன செய்யுதீங்க?"

"வீட்லதான் இருக்கேன். போன வாரம் ஒரு ஆபீஸுக்கு எழுதிப் போட்டிருந்தேன். அவங்களா இருக்குமோன்னு நினைச்சிட்டேன்."

ஷமீமா நன்றி சொல்லி வைத்தார். தவசிமுத்து தாளில் எழுதவில்லை. குரு கையை நீட்டவும் அடுத்த நம்பரைச் சொன்னார். பி.காம். படித்த பையன்.

இதையும் முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். எடுத்தது பையன் இல்லை, அவனுடைய அப்பா. "ஏல, எந்திரில! கம்பெனிக்காரங்க போன் மாதிரி இருக்கு" என்று அவர் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டது இங்கே நன்றாகக் கேட்டது. பாத்திரம் ஒன்று உருண்டது. பையன் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "எஸ் சார்" என்றான்.

ஷமீமா விவரம் சொன்னார். அந்தப் பக்கம் அவன் அப்பாவிடம், "அது இல்லப்பா, வேற" என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

"மன்னிச்சிருங்க தம்பி. எடுப்பீங்கன்னு நினைக்கல. காலேஜ்லேர்ந்து கூப்பிட்டப்ப எடுக்கலையாமே?"

"புது நம்பர்னா விட மாட்டேன் மேடம். நல்ல சேதி எங்கேர்ந்து வரும்னு யாருக்குத் தெரியும்? காலேஜ் நம்பர்னா அது தவசிமுத்து சார்லா!"

"அவர் கூப்பிட்டா என்ன?"

"நல்ல மனுஷன் மேடம். எனக்கு வேலை கிடைக்கணும்னு எவ்வளவோ பாடுபட்டாரு. ஆனா எடுத்த உடனே சம்பளம் எவ்வளவுடேன்னு கேப்பாரு. அவர்ட்ட போயி என்னத்தச் சொல்ல? அதான் எடுக்கல." பிறகு, "மேடம், அங்க எங்கயும் ஆள் எடுத்தாச் சொல்லுங்க. எந்த வேலைன்னாலும் சரி" என்றான்.

வைத்த பிறகு ஷமீமா போனைக் கவிழ்த்துப் போட்டார்.

"இதுக்கு மேல என்னால முடியாது சார். பாவம்."

வந்தபோது இருந்த பூரிப்பெல்லாம் எங்கே போனதோ, தவசிமுத்துவுக்கு முகம் சுண்டிவிட்டது. வெளியே யாரோ பைக்கை மிதித்து மிதித்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

"மேடம், இந்தப் போன்லேர்ந்து நானும் ஒரு நம்பர் போட்டுப் பாக்கட்டுமா?"

ஷமீமா போனை அவர் பக்கம் தள்ளி வைத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

இந்த நம்பருக்குத் தாளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். எடுக்கக் கூடாது, ஐயா, எடுக்கவே கூடாது என்று குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டார். அவன் மீட்டிங்கில் இருக்க வேண்டும். யாரோ என்னவோ என்று கட் பண்ணிவிட வேண்டும். அது போதும், வாழ்நாள் முழுக்க அவன் பேசாவிட்டால்கூடப் பரவாயில்லை.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டான்.

"ஹலோ சார், குட் ஆஃப்டர்நூன் சார். இசக்கிராஜ் பேசறேன் சார்."

மகன் குரல்தான். இத்தனை பணிவாக அவன் யாரிடமும் பேசி அவர் கேட்டதில்லை.

"சார், கேக்குதா சார்? இன்டர்வியூ எப்பன்னாலும் வந்துடறேன் சார். இன்னிக்கே கூட வரேன். சம்பளம் நீங்களா பாத்து எவ்வளவு குடுத்தாலும் சரி சார்."

தவசிமுத்து போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பேராசிரியையிடம், "வச்சிட்டா வந்த வேலை போச்சேன்னு நினைச்சுத் தவிப்பான் மேடம். பேசினா அப்பன்னு தெரிஞ்சிரும், கூசிப் போவான். நான் இப்ப அவன்ட்ட என்னத்தக் கேக்க?" என்றார்.

ஷமீமா சொன்னார்:

"சம்பளத்தைக் கேக்காதீங்க சார். வேற என்ன வேணாலும் கேளுங்க."

தவசிமுத்து கையை எடுத்தார். வாயைத் திறந்தார். கேட்பதற்கு ஒன்றுமே வரவில்லை. அந்தப் பக்கம் மகன், "சார், சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.