பொந்துக்கு வந்த சேதி

சோலைக்காட்டின் நடுவே உயரமான குங்கிலிய மரம் ஒன்று நின்றது. அதன் பொந்துக்குள் நாச்சி என்ற இருவாச்சிப் பறவை தன்னைத்தானே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இது தண்டனை இல்லை. இருவாச்சிகளின் வழக்கமே இதுதான். முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய்விடும். பழச் சக்கையையும் தன் எச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசிவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் மிஞ்சும். பூச்சு காய்ந்தால் கல்தான். வெளியிலிருந்து எந்த நகத்தாலும் அதைப் பெயர்க்க முடியாது. உள்ளே இருப்பவள் மனது வைத்தால்தான் உடையும். குஞ்சு வளரும்வரை அவள் அதை உடைக்கக் கூடாது, சத்தமும் போடக் கூடாது.

சாப்பாடு கொண்டுவருவது ஆண் பறவையின் வேலை. நாச்சியின் கணவன் மருதன் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. தொண்டை நிறைய அத்திப்பழத்தை அடைத்துக்கொண்டு வருவான். ஒவ்வொன்றாகக் கக்கி இடுக்கு வழியே ஊட்டுவான். கடைசிப் பழம் போனதும் அடுத்த நடைக்குக் கிளம்பிவிடுவான். வாயில் பழம் இருக்கும்போது பேச முடியாது. வாய் காலியானால் பழம் தேடப் போக வேண்டும். பாவம், அவன் எப்போதுதான் பேசுவான்?

இப்படியே ஐம்பது நாள் போயிற்று. நாச்சியின் பறக்கும் இறகுகளெல்லாம் உதிர்ந்துவிட்டன. அவை திரும்ப முளைக்க நாளாகும். முட்டை பொரிந்து, துணி சுற்றாத பிள்ளைபோல ஒரு குஞ்சு காலடியில் கிடந்தது. அதற்கு 'கீ' என்பதைத் தவிர வேறு பேச்சு வராது. நாச்சி நாள் முழுக்க இடுக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு துண்டு வெளிச்சம் சுவரில் ஏறும், நகரும், மறையும். அவ்வளவுதான் அவளுடைய பொழுது. தனிமை அவளைத் தின்றது என்றே சொல்ல வேண்டும்.

ஒருநாள் காலையில் இடுக்குக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"அக்கா, சாப்பிட்டாச்சுங்களா?"

நாச்சிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரோ தன்னைக் கேட்கிறார்கள்! எட்டிப் பார்த்தாள். எதிர்க் கிளையில் துடுப்புவால் கரிச்சான் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சாப்பிட்டேன் தம்பி! நீ யாரு?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேனுங்க்கா. தனியா இருக்கீங்களேன்னு மனசு கேக்கல."

அந்த ஒரு வார்த்தை போதாதா? வாய் திறக்கக் கூடாது என்ற வழக்கம் அன்றோடு காற்றில் போயிற்று. கரிச்சான் தினமும் வந்தான். நாச்சியும் மளமளவென்று கொட்டினாள். கணவன் பெயர் மருதன், எந்த மரத்தில் பழம் எடுக்கிறான், எந்நேரம் வருகிறான், போன மழையில் கிளை அடித்து அவனுடைய இடது இறக்கை இன்னும் வலிக்கிறது, அதை நினைத்தால் தனக்கு நெஞ்சு பதறுகிறது என்று ஒன்று விடாமல் சொன்னாள். கரிச்சானும் "அப்படிங்களா?", "அடடா!" என்று உச்சுக் கொட்டினான். பதினோரு நாள் நாச்சி சந்தோஷமாக இருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் கரிச்சான் வரவில்லை. உச்சி வெயில் இறங்கிய பிறகும் மருதனையும் காணவில்லை. நாச்சி இருப்புக் கொள்ளாமல் தவித்தாள். குஞ்சு பசியில் 'கீ, கீ' என்றது.

அப்போது மரத்தின் பின்பக்கமிருந்து கனமான குரல் ஒன்று வந்தது.

"நாச்சி யாரு? காவல் மந்தி பேசறேன்!"

நாச்சி நிமிர்ந்தாள். காவல் மந்தி என்றால் காடே நம்பும். புலி வந்தாலும் தீ வந்தாலும் முதலில் குரல் கொடுப்பது அந்தக் கருமந்திதான்.

"நான்தானுங்க! என்ன விஷயங்க?"

"உன் புருஷன் மருதன் கீழ விழுந்துட்டான்! அத்தி மரத்தடியில கிடக்கறான். ஏற்கெனவே வலிச்ச இடது இறக்கை, அதே இறக்கை ஒடிஞ்சு போச்சு!"

"ஐயோ!"

"உன்னைப் பார்க்கணும்னு துடிக்கறான். பொழுது சாயறவரைக்கும் தாங்க மாட்டான். உடனே அடைப்பை உடைச்சிட்டு வா! யாரையும் கூப்பிடாதே, யாருகிட்டயும் கேக்காதே. மேல கழுகு சுத்துது!"

நாச்சி துள்ளி எழுந்தாள். அலகை ஓங்கிப் பூச்சில் ஒரு கொத்து கொத்தினாள். ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. இன்னொரு கொத்து! இடுக்கு இரண்டு மடங்காயிற்று. இரண்டு மாதமாகப் பார்க்காத வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. குஞ்சு கூசி அலறியது.

அந்த அலறலில் நாச்சி ஒரு நொடி நின்றாள். காலடியில் தன்னுடைய உதிர்ந்த இறகுகள் கிடந்தன.

'நான் எப்படிப் போவேன்? எனக்குப் பறக்க இறகே இல்லையே! அது மருதனுக்குத் தெரியுமே. பிறகு எப்படி என்னை வரச் சொல்வான்?'

பயத்தை மீறி அடுத்த கேள்வியும் வந்தது. இடது இறக்கை வலியைப் பற்றி மந்திக்கு யார் சொன்னது? மருதன் வலியை வெளியே காட்டுகிறவன் இல்லை. அவள் சொன்னதோ ஒரே ஒருவனிடம்.

அது அவனாக இருக்கக் கூடாதே என்று நாச்சி மனதார வேண்டிக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"காவல்காரரே! ஒரு நிமிஷம் இடுக்குக்கு நேரா வந்து முகத்தைக் காட்டுங்க."

"முகத்தைப் பார்க்க இதுவா நேரம்? அங்கே உசிரு போகுது! உடை!"

"அப்படின்னா நானே என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கறேன்."

"கூப்பிடாதே! கூப்பிடாதேன்னு சொல்றேனில்ல!"

கேட்காதே, கேட்காதே என்று ஏன் இத்தனை பதற்றம்? நாச்சி யோசிப்பதை நிறுத்தினாள். பெரிதான இடுக்கில் அலகை நீட்டி, மலைக்கு மலை எதிரொலிக்கும்படி குரல் எழுப்பினாள். தானும் மருதனும் பாறை உச்சியில் ஒருவரையொருவர் தேடும்போது போடுகிற அதே கூவல்.

பதில் இல்லை.

மறுபடி கூவினாள். அப்போதும் பதில் இல்லை. மரத்தின் கீழே பட்டை சரசரத்தது. நகங்கள் ஏறி வரும் சத்தம். நாச்சி நிறுத்தவில்லை. மூன்றாவது முறை உயிரைக் கொடுத்துக் கூவினாள்.

தூரத்தில், ஆற்றுக்கு அப்பால், கட்டையான ஒரு குரல் பதில் சொன்னது. மருதன்! விழவுமில்லை, ஒடியவுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறான்!

அதே நேரம் பிளந்த நாக்கு ஒன்று இடுக்கில் நீண்டது. பின்னால் உடும்பின் தலை. பழைய இடுக்காக இருந்தால் மூக்குகூட நுழைந்திருக்காது. இப்போது கழுத்து வரை வந்துவிட்டது. நாச்சி குஞ்சைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பலம் கொண்ட மட்டும் அதன் மூக்கில் கொத்தினாள். உடும்பு பிடி விட்டுச் சறுக்கியது. மறுபடி ஏறப் பார்த்தது. அதற்குள் காற்றைக் கிழித்துக்கொண்டு பெரிய இறக்கைகளின் இரைச்சல் நெருங்கியது. மருதன் வருவதைக் கண்டதும் உடும்பு தொப்பென்று குதித்துப் புதருக்குள் ஓடியது.

மரத்தின் பின்னாலிருந்து யாரோ படபடவென்று எழும்பினார்கள். துடுப்பு வால். நாச்சி அதைப் பார்த்துவிட்டாள். எந்தக் குரலையும் அப்படியே எடுத்துப் பேசுவது கரிச்சான்களுக்குக் கைவந்த கலை; மந்தியாகப் பேசியதும் அவன்தான்.

"தம்பி! நீயா?"

கரிச்சான் எட்டாத கிளையில் போய் உட்கார்ந்தான்.

"உடும்பு மரத்துல ஏறினா பட்டைக்குள்ள இருக்கிற பூச்சியெல்லாம் பறக்குமுங்க. எனக்கு அதுதான் சாப்பாடு" என்றான்.

"பதினோரு நாள் என்கூட உக்காந்து பேசினியே! அதெல்லாம்?"

"அதுவும் வேலைதானுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் பறந்து போனான்.

பதில் கூவியபோது சிந்தியது போக, தொண்டையில் மிஞ்சிய பழங்களை மருதன் ஊட்டினான். பக்கத்து அத்தி காய்ந்துபோனதால் ஆற்றைத் தாண்டிப் போயிருந்தானாம், அதனால்தான் நேரமாகிவிட்டதாம். நாச்சி நடந்ததைச் சொல்லி அழுதாள். அவன் முதல் தடவையாக அடுத்த நடைக்குக் கிளம்பாமல் நின்றான்.

"எதுக்கு அவன்கிட்ட எல்லாத்தையும் சொன்னே?"

"அவன்தானே என்னைக் கேட்டான்" என்றாள் நாச்சி.

மருதன் இடுக்குக்குள் அலகை நீட்டி அவள் தலையைக் கோதினான். சற்று நேரம் இடுக்கருகே உட்கார்ந்திருந்துவிட்டுப் பறந்தான். குஞ்சு வயிற்றுக்கு அவன் போய்த்தானே ஆக வேண்டும்? நாச்சி பழச் சக்கையைக் குழைத்து, உடைந்த இடத்தைப் பழையபடி பூசினாள். வெளிச்சம் மறுபடி ஒரு துண்டாகச் சுருங்கியது.

அடுத்த நாட்கள் முன்னைவிட நீளமாகப் போயின. இத்தனை நடந்த பிறகும், காலையில் யாராவது "அக்கா" என்று கூப்பிட மாட்டார்களா என்று அவள் காது தேடியது. அதற்காக அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

ஒருநாள் மழை தூறிக்கொண்டிருந்தபோது இடுக்குக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. குயில்போல இனிமையான, பழக்கமில்லாத குரல்.

"அம்மா, உள்ளே தனியாவா இருக்கீங்க? பேச்சுத் துணைக்கு வரட்டுங்களா?"

நாச்சி இடுக்கில் கண் வைத்துப் பார்த்தாள். இலையும் மழையும்தான் தெரிந்தன. உண்மையிலேயே நல்ல பறவையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பேச வேண்டும் என்று அவள் நாக்கு துடித்தது.

"பொழுது சாயும்போது என் வீட்டுக்காரர் வருவாரு. அவரு இருக்கும்போது வாங்க, எல்லாரும் பேசலாம்" என்றாள்.

வெளியே பதில் இல்லை. நாச்சி வெகுநேரம் காத்திருந்தாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் திரும்பி, குளிரில் நடுங்கிய குஞ்சின்மேல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, மருதன் வரும் நேரத்துக்காகக் காத்திருந்தாள்.

நம் வீட்டு விஷயங்களையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, உடனே செய், யாரையும் கேட்காதே என்று அவசரப்படுத்தி வரும் சேதி யார் பெயரில் வந்தாலும், நமக்கு முன்பே தெரிந்த வழியில் உரியவரைக் கேட்டு உறுதி செய்யாமல் கதவைத் திறக்கக் கூடாது.