பேசுகிற தூரம்

“என்ன செட்டிங் வைக்கிறது, டீச்சர்?” என்று கேட்டார் மணவாளன்.

தெருவில் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் ஷமீமா டீச்சர் அவரைவிட முப்பது வயது சின்னவர். மணவாளன் அழாத குறையாகப் புலம்பியதைப் பொறுமையாகக் கேட்டார்.

தங்கசாலைத் தெருவில் சுமை ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிற எத்திராஜுக்கு ஒரு சிரிப்பு உண்டு. பாரத்தோடு பாலத்தின் மேட்டை ஏறி முடித்ததும் வாய்கொள்ளாமல் சிரிப்பார். ரிட்டயராகி வீட்டில் முடங்கிக் கிடந்த மணவாளனைத் தினமும் தெருவுக்கு இழுத்து வந்ததே அந்தச் சிரிப்புதான்.

அதைப் படம் பிடிக்கத்தான் முடியவில்லை. அப்பர்ச்சரைத் திருகி, ஷட்டரை மாற்றி, ஐஎஸ்ஓவை ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் சிரிப்பு போயிருக்கும். கொஞ்சம் நில்லுங்கள் என்று சைகை காட்டினாலோ, ரேஷன் கார்டுக்குப் படம் எடுப்பதுபோல் எத்திராஜ் விறைத்துக்கொள்வார்.

நாளையோடு எத்திராஜ் வண்டியை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போகிறாராம், தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்புறம் அந்தச் சிரிப்பை எங்கே போய்த் தேடுவது?

டீச்சர் கேமராவை வாங்கினார். அப்பர்ச்சரை எட்டில் வைத்தார். ஷட்டரை ஐந்நூறில் வைத்தார். ஃபோகஸ் வளையத்தை மட்டும் தொடவில்லை.

“அவர்கிட்ட பேசும்போது எவ்வளவு தூரத்துல நிப்பீங்க, சார்?”

மணவாளன் யோசித்தார்.

“பேசினதே இல்லையே.”

“அந்தத் தூரத்துக்குத்தான் வளையத்தைத் திருப்பணும். எனக்கு எப்படித் தெரியும்?”

கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீச்சர் உள்ளே போய்விட்டார்.

இதுவும் ஒரு பாடமா என்று மணவாளனுக்கு எரிச்சல்தான். இருந்தாலும் மறுநாள் காலை பாலத்தடியில் போய் நின்றார். இரும்புக் கம்பிகளை ஏற்றிக்கொண்டு எத்திராஜ் வந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், வண்டியைத் தள்ளட்டுமா என்று கேட்டுவைத்தார் மணவாளன்.

“தள்ளு சார், புண்ணியமாப் போவும்.”

தள்ளினார். பாதி மேட்டிலேயே மூச்சு வாங்கியது, சட்டை தொப்பலாக நனைந்தது. கேமரா பாட்டுக்கு இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.

பாலம் இறங்கியதும் எத்திராஜ் வண்டியை ஓரங்கட்டி ரெண்டு டீ சொன்னார். டீ வருவதற்குள் மணவாளன் இருவருக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்து வளையத்தைத் திருப்பிக்கொண்டார். கைக்கு எட்டும் தூரம். இனிமேல் கம்பிக்குப் பதில் பேத்தியைத் தோளில் ஏற்றி இறக்குவதுதான் தன் டூட்டி என்று சொல்லி, எத்திராஜ் சிரித்தபடி திரும்பினார்.

அதே சிரிப்பு. மணவாளன் அமுக்கினார்.

சாயங்காலம் மணவாளன் டீச்சரிடம் படத்தைக் காட்டினார். இதை மறக்கவே மாட்டேன் என்று கும்பிட்டார். பிறகு தயங்கினார்.

“ஆனா முன்னாடி பெரிசா, கலங்கலா ஒண்ணு வந்துடுச்சு, டீச்சர். செட்டிங் தப்பா?”

“என்ன அது?”

“அவர் நீட்டின டீ கிளாஸ்.”

“வாங்கிக் குடிச்சீங்களா?”

“குடிச்சேன்.”

“அப்போ செட்டிங் சரி,” என்றார் டீச்சர்.